ஏட்டுப் பூவும் தோட்டத்துப் பூவும்

பதுளையிலிருந்து பசறை நோக்கியோ, பண்டாரவளையிலிருந்து அப்புத்தளை நோக்கியோ செல்லும் வழிப்போக்கர், பாதையின் இருமருங்கிலும் மலைச்சரிவெங்கும் தேயிலையைக் காண்பார். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. ஆனால் அந்தப் பச்சையிலே பூவைக் காண்பது அரிது. இத்தகைய சூழலிலேதான் ஊவா மாகாணத்துத் தோட்டப் பிள்ளை பிறந்து வளர்கிறது. அது பாடசாலையிற் பட நூலைத் திறக்கும்போது ஒரு பெரிய பூவும், அதன்மேல் அமர்ந்த ஒரு தேனீயும் தோன்றுகின்றன. "தேனீ மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது, அதனாற் பூ காயாகிறது" என்று ஆசிரியர் சொல்கிறார். பிள்ளையும் பிழையின்றித் திருப்பிச் சொல்கிறது. அத்துடன் பாடம் முடிந்துவிட்டதா என்பதே இன்று நேயர்கள் சிந்திக்க வேண்டிய வினாவாகும்.

படத்தைக் கொண்டு கற்பிக்கும் முறை புதியதன்று. கொமேனியஸ் என்னும் கல்வியறிஞர் 1658ஆம் ஆண்டிலேயே சிறுவர்க்கெனப் படங்கள் நிறைந்த பாடநூலொன்றை வெளியிட்டார். பூவுக்கும் பூச்சிக்கும் உள்ள உறவை விளக்கிய முதற்பெரும் நூலும் படங்களாற் சிறந்ததே. அதனை எழுதியவர் ஜெர்மனியின் ஸ்பண்டவ் நகரிலே பாடசாலைத் தலைவராயிருந்த கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்பிரெங்கல். 1793ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலில் 25 செப்புத் தகட்டுப் படங்கள் உள்ளன. அவர் காலத்தார் அதனைப் போதிய அளவு மதிக்கவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டின் பின்னர் சார்ள்ஸ் டார்வின் அதனைப் படித்து, அதன் பெருமையை எடுத்துரைத்தார்.

ஸ்பிரெங்கல் முதலிற் பூவின் அருகே காத்திருந்து பார்த்தார். பின்னரே படம் வரைந்தார். வகுப்பிலிருக்கும் பிள்ளைக்கோ முதலிற் கிடைப்பது படம். அப்படத்திலிருந்து பிள்ளையைப் பூவிடம் அழைத்துச் செல்வதே ஆசிரியரின் பணி. அவ்வாறு அழைத்துச் செல்லாவிடின் மகரந்தச் சேர்க்கை என்பது பரீட்சைக்குரிய நீண்ட சொல்லாக மட்டும் எஞ்சும்.

அரசாங்கம் 1980ஆம் ஆண்டு முதல் பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகின்றது. ஆகவே படம் பிள்ளையின் கையில் இருக்கிறது. எந்தப் பூவை அதன் அருகே வைப்பது? பெரும்பாலோர் செவ்வரத்தையைத் தெரிவு செய்வர். அது நல்ல தெரிவே. அல்லி ஐந்து, நடுவே நீண்ட குழல், அக்குழலைச் சுற்றி மகரந்தம் தாங்கிய கேசரங்கள், உச்சியிலே ஐந்து குறிகள். பூவின் உறுப்புகளை இதனினும் தெளிவாகக் காட்டும் மலர் அரிது. ஆயினும் வீட்டு வேலியிலுள்ள செவ்வரத்தை காய்ப்பது மிக அரிது. உறுப்புகளின் பெயரைக் கற்ற பிள்ளை, அவ்வுறுப்புகளால் விளையும் பயனைக் காணாமலே போய்விடுகிறது.

அதற்குப் பூசணிக் கொடியே தகுந்த ஆசான். லயத்தின் பின்புறத்துச் சிறு நிலத்திலே அது படர்ந்திருப்பதைப் பிள்ளை அறியும். முதலில் நீண்ட காம்புடைய ஆண் பூக்கள் மலரும். பின்னரே பெண் பூக்கள் தோன்றும். பெண் பூவின் அடியிலே சிறு பிஞ்சொன்று மலருமுன்னரே அமைந்திருக்கும். பூ விடியலில் விரிந்து நண்பகலுக்கு முன்னரே வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துள் ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவின் குறியை அடைய வேண்டும். அடையாவிடிற் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். கண்ணூறு பட்டதென்று வீட்டிலுள்ளோர் வருந்துவதுண்டு. காரணம் பல வேளைகளில் வராமற்போன தேனீயே.

இதனைப் பிள்ளைகளே சோதித்து அறியலாம். மறுநாள் மலரவிருக்கும் பெண் மொட்டுகள் சிலவற்றையும் ஆண் மொட்டுகள் சிலவற்றையும் மாலையிலேயே மெல்லிய துணியால் மூடிக் கட்டவேண்டும். காலையில் ஆண் பூவொன்றைப் பறித்து, அதன் இதழ்களை நீக்கி, பெண் பூக்களுட் பாதியின் குறியில் மெல்லத் தடவி மீண்டும் மூடிவிட வேண்டும். மற்றப் பாதியைத் தொடாமல் விடவேண்டும். சில நாட்களின் பின் எவை பருத்தன, எவை உதிர்ந்தன என்பதைப் பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பர். ஒரு பூவைக் கொண்டு முடிவு செய்யலாகாது. மழையாலும் நோயாலும் பிஞ்சு உதிர்வதுண்டு என்பதையும் அப்போதே சொல்லிக் கொடுத்தல் நன்று.

இங்கே ஓர் ஐயம் எழும். "படத்திற் கேசரமும் சூலகமும் ஒரே பூவில் இருக்கின்றனவே, பூசணியில் ஏன் வெவ்வேறாக இருக்கின்றன?" என்று பிள்ளை கேட்கும். அவ்வினா எழுந்தாற் பாடம் வெற்றி பெற்றதென்று ஆசிரியர் மகிழலாம். படத்திலுள்ளது பூக்களின் ஒரு வகை. கொடியிலுள்ளது வேறொரு வகை. சோளத்தைக் காட்டினால் மூன்றாவது வகையும் விளங்கும். அதன் உச்சிக் கொத்திலிருந்து மகரந்தத்தைக் காற்று சுமந்து வருகிறது. கதிரிலுள்ள ஒவ்வொரு பட்டுநூலும் ஒவ்வொரு மணிக்கு உரியது. மகரந்தம் சேராத நூலுக்குரிய மணி உருவாவதில்லை. அவித்த சோளத்தில் இடையிடையே காணும் வெற்றிடங்களிற் சில இவ்வாறு தோன்றியவையே.

தோட்டப் பிள்ளைக்குத் தேனீயைப் பற்றிக் கூறும்போது மற்றொன்றையும் மறத்தலாகாது. கொழுந்து பறிக்கச் சென்றோர் குளவிக் கொட்டுக்கு இலக்காகி மருத்துவமனையிற் சேர்க்கப்பட்ட செய்தி மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படுவது. உயிரிழந்தோரும் உளர். குளவி என்ற ஒரே பெயரால் மலைத்தேனீயையும் குறிப்பது வழக்கம். தன் தாயைக் கொட்டிய இனத்தைப் படநூல் நண்பனென்று புகழும்போது பிள்ளை திகைக்காதா? "அஞ்சாதே" என்று மட்டும் சொல்வது பொறுப்பாகாது. கூட்டைக் காணின் கல்லெறியாது அமைதியாக விலக வேண்டும். அந்த அச்சம் நியாயமானதே. பூவில் தனியே உணவு தேடும் சிறு தேனீயோ, அதனைப் பிடித்து நசுக்காதவரை பெரும்பாலும் கொட்டுவதில்லை. இந்த வேறுபாட்டை அறிந்த பிள்ளை, பூ விரிந்திருக்கும் காலை வேளையிற் பூச்சிநாசினி தெளித்தலாகாது என்பதை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லும்.

இறுதியாக, "தேயிலை பூக்குமா?" என்று பிள்ளை கேட்கும். பூக்கும். வெண்ணிற இதழ்களும் நடுவே மஞ்சட் கேசரங்கள் பலவும் உடைய அழகிய பூ அது. அது விதை தருவதற்குப் பெரும்பாலும் வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். அதனைப் பூச்சிகளே கொண்டு வருகின்றன. ஆனால் கொழுந்து இடைவிடாது பறிக்கப்படுவதாலும், கவ்வாத்து வெட்டப்படுவதாலும் செடி இலைவிடுவதிலேயே தன் வலிமையைச் செலவிடுகிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பதிலுள்ள மொட்டு பூமொட்டன்று, விரியாத இலையே. முற்காலத்தில் விதைக்கெனச் சில மரங்களை உயர்ந்து வளரவிட்டனர். இக்காலத்திற் சிறந்த செடியின் கிளைத்துண்டை நட்டுப் புதுக் கன்று பெறுவதே பெருவழக்கு. கவனிப்பாரற்ற மூலையில் நிற்கும் செடியிற் பூவைத் தேடிக் கொண்டுவரும் பிள்ளை, நாள்தோறும் கண்ட செடியை அன்றுதான் புதிதாகக் காணும்.

தோட்டத்துப் பிள்ளையாற் பெரிய அறிவு விளையுமா என்று ஐயுறுவோர் உண்டு. ரியூனியன் தீவில் 1841ஆம் ஆண்டு, எட்மண்ட் என்னும் 12 வயது அடிமைச் சிறுவன், வனிலாப் பூவைக் கையாலே சேர்க்கை செய்யும் எளிய முறையைக் கண்டான். ஒரு சிறு குச்சியும் கட்டைவிரலுமே அவன் கருவிகள். உலகெங்கும் வனிலாப் பயிர் பரவியது அம்முறையாலேயே. அவனுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, பட நூலும் இல்லை. பூவை உற்றுநோக்கும் கண் இருந்தது. ஊவாவின் பிள்ளைக்கு இன்று பள்ளியும் உண்டு, நூலும் உண்டு. உற்றுநோக்குவதற்குரிய வாய்ப்பை அளிப்பது ஆசிரியர் கடன்.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்திலே பிள்ளைகள் தாம் கண்ட பூசணியையும் சோளத்தையும் தேயிலைப் பூவையும் வரையட்டும். கண்ட நாளையும், வந்த பூச்சியையும், காயானதா உதிர்ந்ததா என்பதையும் அருகே எழுதட்டும். பல வகுப்புகள் ஒரே அறையில் நடைபெறும் சிறு பாடசாலையில், மூத்த பிள்ளை படம் வரைய, இளைய பிள்ளை பூவைப் பிடித்துக் காட்டலாம். தாள்களைத் தைத்து நூலாக்கி அடுத்த ஆண்டு வருவோருக்கு வைக்கலாம். புதிதாக வரும் பிள்ளை அந்நூலைத் திறந்தாற் காண்பது தன் லயத்தின் பின்புறத்துப் பூசணிக் கொடியாக இருக்கும்; படத்தைப் பார்த்தபின் அது பூவைப் பார்க்க ஓடும்.