படியும் முழங்காலும்

(சங்கத்தின் தேகாப்பியாசப் பகுதியார் கூட்டிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சங்க மண்டபத்திலே படியேற்ற அப்பியாசம் தொடங்குவதென்று தீர்மானித்து, அதற்கு வேண்டிய பலகைப்படிகளைச் செய்விக்கச் செயற்குழுவினர் முன்வந்திருக்கும் இவ்வேளையில், அவ்வப்பியாசத்திலே முழங்காலைக் காத்துக்கொள்ளும் முறை பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்தீர்கள். பல்கலைக்கழகத்திலே இன்னும் படித்துக்கொண்டிருக்கும் நாம் வைத்தியரல்லோம். படித்தறிந்தவற்றையும், பயிற்சியிலே பார்த்தறிந்தவற்றையும் மாத்திரமே இங்கு சொல்லத் துணிகின்றோம்.

பெரியோர்களிற் பலர், "இந்த வயதிலே படியேறினால் இருக்கிற முழங்காலும் தேய்ந்துபோம்" என்று ஒதுங்குகின்றார்கள். இளைஞரோ முழங்கால் என்ற பேச்சை எடுத்தாலே சிரிக்கின்றார்கள். இந்த அப்பியாசம் பிறந்த வரலாறு இரு சாராருக்கும் பொருந்தும். 1980களின் பிற்பகுதியிலே அமெரிக்காவில் ஜின் மில்லர் என்னும் தேகாப்பியாச ஆசிரியைக்கு முழங்காலிலே காயமுண்டாயிற்று. தொடைத்தசையை உரப்படுத்துவதற்காகப் பால் அடுக்கும் பெட்டியொன்றின்மேல் ஏறி இறங்கும்படி வைத்தியர் சொன்னார். வெறுமனே ஏறி இறங்குவது சலிப்பைத் தரவே, அவர் அதனோடு பாட்டைச் சேர்த்துக்கொண்டார். பின்னர் ரீபொக் என்னும் சப்பாத்துக் கம்பனியார் அதனை உலகமெங்கும் பரப்பினர். ஆகவே இது நொந்த முழங்காலைத் தேற்றுவதற்கென்றே எழுந்த அப்பியாசமாகும். அப்படியானால் அதனாலே முழங்கால் நோகிறதென்று பலர் முறையிடுவதேன்?

அதற்கு விடை காண முழங்காலின் அமைப்பைச் சற்று நோக்கவேண்டும். கிணற்றுக் கப்பியின்மேலே கயிறு ஓடுவதுபோல, தொடைத்தசையின் இழுப்பு முழங்காற் சில்லின் வழியாகவே கீழ்க்காலைச் சேர்கின்றது. கால் எவ்வளவு ஆழமாக மடங்கிப் பாரத்தைத் தாங்குகின்றதோ, அவ்வளவுக்குச் சில்லு தொடையெலும்பின்மேல் அழுந்துகின்றது. எலும்பின் முகத்தை மூடியிருக்கும் குருத்தெலும்பிலே இரத்தக்குழாய்கள் இல்லை. அழுத்தமும் தளர்வும் மாறிமாறி வரும்போதுதான் மூட்டு நீரிலிருந்து அது தன் உணவைப் பெறுகின்றது. அசையாமல் உட்கார்ந்திருப்பது முழங்காலுக்குக் காவலென்று எண்ணும் பெரியோர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

நிற்க, பாரத்தின் அளவு எவ்வளவு? ஜேர்மனியிலே பேர்லின் நகரத்து ஆராய்ச்சியாளர், செயற்கை முழங்கால் பொருத்தப்பட்ட ஐவருடைய மூட்டுக்குள்ளேயே அளக்கும் கருவியை வைத்துப் பார்த்து 2010ஆம் ஆண்டிலே முடிவுகளை வெளியிட்டனர். சமதரையில் நடக்கும்போது உடல் நிறையின் 2.6 மடங்கும், படி ஏறும்போது 3.2 மடங்கும், இறங்கும்போது 3.5 மடங்கும் முழங்காலிலே பொறுத்தது. 60 கிலோ நிறையுடைய ஒருவர் ஒவ்வொரு படியும் இறங்கும்போது ஏறத்தாழ 200 கிலோ அவர் முழங்காலின்மேல் ஏறுகின்றது என்று கொள்ளுங்கள்.

ஏறுவதே கடினம், இறங்குவது ஓய்வு என்று நினைப்பது தவறு என்பதைச் சிவனொளிபாதமலைக்குச் சென்றவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. 2,243 மீற்றர் உயரமுள்ள அம்மலைக்கு நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 5,500 படிகள் உள்ளன. ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும். முழங்கால் நடுங்குவது இறங்கும்போதே. ஏறும்போது சுருங்கி உழைக்கும் தொடைத்தசை, இறங்கும்போது நீண்டுகொண்டே உடலைத் தாங்கவேண்டியிருக்கிறது. தசை களைத்தவுடன் உடல் பொத்தென்று விழுகின்றது. அந்த அதிர்ச்சி மூட்டுக்குப் போகின்றது.

ஆகவே மண்டபத்திலும் இறங்குவதிலேயே முதற் கவனம் இருக்கவேண்டும். பலகையைவிட்டு எட்டக் குதிக்கலாகாது. அருகிலேயே முன்பாதத்தை வைத்து, பின் குதிக்காலையும் மெல்லத் தரையிற் பதிக்கவேண்டும். ஏறும்போது பாதம் முழுவதும் பலகைமேல் இருத்தல் வேண்டும். குதிக்கால் வெளியே தொங்க ஏறுகிறவரைப் பயிற்றுபவர் உடனே நிறுத்தவேண்டும். பாரம் தாங்கி நிற்கும் காலின்மேலே உடலைத் திருப்புதல் கூடாது; காலைத் தூக்கி வைத்தே திரும்பவேண்டும்.

முழங்கால் உட்பக்கம் சாய்வது இன்னொரு குறை. இதனைக் கண்ணாடியின் முன்னே நின்று தாமே சோதிக்கலாம். தாழ்ந்த பலகையில் ஒற்றைக்காலில் நின்று மற்றக்காலை மெதுவாகத் தரைக்கு இறக்குங்கள். முழங்கால் பெருவிரலுக்கு உள்ளே ஓடினால் இடுப்புத்தசை போதிய வலிமையுடையதன்று. முழங்கால் இரண்டாம் விரலுக்கு நேராக நிற்கும்வரை பாட்டையும் வேகத்தையும் ஒதுக்கிவைத்து, இதனையே பழகவேண்டும். எம் அனுபவத்தில் கால்பந்து வீரர்களே இச்சோதனையில் அதிகம் தவறுகின்றார்கள்!

தாளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு 120 தட்டுள்ள பாட்டுக்கு நான்கு தட்டுக்கொருமுறை ஏறியிறங்கினால், பத்து நிமிடத்தில் 300 முறை ஆகின்றது. வலக்காலையே முதலில் ஏற்றி முதலில் இறக்குபவருக்கு உடலை உயர்த்தும் வேலை முழுவதும் வலக்காலுக்கும், இறக்கும் வேலை முழுவதும் இடக்காலுக்கும் போய்விடும். பாரம் கூடிய வேலை எதுவென்று முன்னரே கண்டோம். ஆகையால் நிமிடத்துக்கொருமுறை முற்காலை மாற்றவேண்டும்.

இனி, செயற்குழுவினர் முன் நாம் வைக்கும் விண்ணப்பம். பலகைப்படிகளை 12 அங்குல உயரத்திலே ஒரே அளவாகச் செய்விக்கும் எண்ணம் இருப்பதாக அறிகின்றோம். 1943இலே ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தார் வாலிபரின் உடற்றகுதியை அளந்த வாங்கு 20 அங்குலம் என்றும், அதைவிட இது தாழ்வுதானே என்றும் நண்பரொருவர் வாதித்தார். அது ஐந்து நிமிடத்துச் சோதனை, நாளாந்தப் பயிற்சியன்று. (மிஷன் பாடசாலையிலே படித்த எமக்கு வாங்கில் ஏறுவதென்றால் தண்டனைதான் ஞாபகத்துக்கு வருகின்றது.) ஏறும் காலின் மடக்கு 90 பாகையைத் தாண்டலாகாது. உயர்ந்த ஒருவருக்கு ஏற்ற படி, குள்ளமானவருக்கு அவ்வெல்லையைக் கடக்கும்.

ஆதலால் பலகைகளை 4 அங்குலமாகச் செய்வித்து, அடியிலே 2 அங்குலத் துண்டுகளைச் சேர்த்து 6, 8 அங்குலமாக உயர்த்தத்தக்கதாக அமைப்பிக்கும்படி கேட்டுக்கொள்கின்றோம். அகலம் 16 அங்குலத்துக்குக் குறையாதிருக்கட்டும். சீமெந்துத் தரையிலே வழுக்காதபடி அடியில் றப்பர் பதிக்கவேண்டும். றப்பர்ச் செருப்போடு எவரையும் ஏறவிடலாகாது. புதியவர் எவ்வயதினராயினும் 4 அங்குலத்திலேயே தொடங்கட்டும். பெரியோர்கள் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு பாட்டில்லாமல் ஏறலாம். தொடையிலே மறுநாள் தோன்றும் உளைவுக்கு அஞ்சவேண்டாம். சில்லின் முன்னே குத்தும் நோ, வீக்கம், மூட்டு இறுகிப்போதல் அல்லது திடீரென மடிதல் கண்டால் நிறுத்தி வைத்தியரிடம் செல்லவேண்டும். ஏற்கெனவே முழங்கால் வீங்கியிருப்பவர்கள் அவரைக் கேட்ட பின்னரே வரட்டும்.

தச்சாசாரியாருக்கு முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்று பொருளாளர் கூறுகின்றார். அளவை மாற்ற இன்னும் நேரமிருக்கின்றது.