ஐப்பசியில் நட வேண்டிய பூ

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



என் வகுப்பில் பூக்காமல் போன ஒரு பூவைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அது பூக்காததற்குக் காரணம் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பணியாற்றுகிறேன். எங்கள் ஊரில் பல வீடுகளில் யாராவது ஒருவர் ராணுவத்தில் இருப்பார். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா அப்போது காஷ்மீரில் இருந்தார். தீபாவளி விடுப்பில் வந்தபோது, ஸ்ரீநகரில் வாங்கிய ஐந்து துலிப் கிழங்குகளை மகளுக்குக் கொண்டு வந்தார். அவள் அவற்றைத் துணிப்பையில் சுற்றிப் பள்ளிக்கு எடுத்து வந்தாள்.

"டீச்சர், இதை எப்போ நடலாம்?" என்று கேட்டாள்.

நான் யோசிக்கவே இல்லை. "வசந்த காலத்துப் பூம்மா இது. பனியெல்லாம் போகட்டும், மாசியில நடலாம்" என்று சொல்லி, ஆய்வக அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மாசியில் நட்டோம். நாள்தோறும் அவளே தண்ணீர் ஊற்றினாள். இலைகள் வந்தன, ஆனால் ஒரு சாண் உயரம்கூட வளரவில்லை. ஒரு செடியில் மட்டும் மொட்டு தெரிந்தது. அதுவும் இலைகளுக்கு நடுவிலேயே காய்ந்துவிட்டது. பங்குனி வெயிலில் ஐந்தும் கருகின.

"நான் தண்ணி சரியா ஊத்தலையா டீச்சர்?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் அதிகமா ஊத்திட்ட போலிருக்கு" என்று சொன்னேன். அந்த வார்த்தை இன்றும் என்னை உறுத்துகிறது.

சில நாள் கழித்து அவளுடைய அப்பா தொலைபேசியில் பேசினார். செடி பூத்ததா என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "மாசியிலயா நட்டீங்க? இங்க ஐப்பசியிலயே நட்டுடுவாங்க டீச்சர். அதுக்கு மேல பனி கொட்டும். பனி போனதும் தானா முளைச்சு வரும்" என்றார்.

அதன் பிறகுதான் படித்தேன். துலிப்பின் தாயகம் மத்திய ஆசியாவின் மலைப்பகுதிகள். வெங்காயத்தைப் போலவே அதுவும் ஒரு குமிழ்த்தண்டு. பூ முடிந்ததும் இலைகள் செய்த உணவு கிழங்கில் சேர்கிறது. பிறகு இலைகள் காய்ந்துவிடும். செடி செத்துவிட்டதாகத் தோன்றும் அந்தக் கோடையில்தான் கிழங்குக்குள் அடுத்த ஆண்டின் பூ மிகச் சிறிய வடிவில் உருவாகிறது. இலையுதிர் காலத்தில் மண் குளிரும்போது வேர் இறங்குகிறது. பிறகு 12 முதல் 16 வாரங்கள் குளிர் வேண்டும். அந்தக் குளிர்தான் கிழங்கில் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி, பூத்தண்டு நீள்வதற்கு ஆயத்தம் செய்கிறது. குளிர் படாத கிழங்கு இலை விடும். தண்டு நீளாது, மொட்டு கருகும். எங்கள் தொட்டியில் நடந்தது இதுவேதான்.

எனவே வசந்தத்தில் பூக்கும் இக்கிழங்குகளை நட வேண்டிய காலம் வசந்தம் அன்று. அதற்கு முந்தைய இலையுதிர் காலம். ஐரோப்பாவில் நார்சிசஸ் கிழங்கைச் செப்டம்பரிலும், துலிப்பை அக்டோபர், நவம்பரிலும் நடுகிறார்கள். மண் குளிர்ந்திருக்க வேண்டும், ஆனால் உறைந்திருக்கக் கூடாது. கிழங்கின் உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில், கூர்முனை மேலே இருக்கும்படி வைப்பார்கள். ஸ்ரீநகரில் தால் ஏரிக்கருகே உள்ள துலிப் தோட்டத்திலும் இலையுதிர் காலத்தில் நட்ட கிழங்குகளே மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் பூக்கின்றன. நம் பெரும்பொழுதுக் கணக்கில் சொன்னால், கூதிரில் மண்ணுக்குள் போய், முன்பனி பின்பனி இரண்டையும் உள்ளேயே கழித்து, இளவேனிலை ஒட்டி வெளியே வரும் பூ அது.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவியின் பக்கம் திரும்பிச் சொன்னேன்: "நீ தண்ணி சரியாத்தான் ஊத்தின. காலத்தைத் தப்பாச் சொன்னது நான்தான்." அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த தீபாவளிக்கு ஆறு கிழங்குகளோடு வந்து நின்றாள்.

இந்த முறை மூன்றை என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் காகித உறையில் வைத்தேன். பக்கத்தில் பழம் எதுவும் வைக்கவில்லை. ஆப்பிள் போன்ற பழங்கள் விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுத்துவிடும். மற்ற மூன்றையும் ஆய்வக அலமாரியில் வைத்தோம். பதின்மூன்று வாரம் கழித்து, தை மாதத்தில், ஆறையும் ஒரே மண்ணில் நட்டு ஒரே அளவு தண்ணீர் ஊற்றினோம். உயரத்தை மாணவர்களே அளந்து குறித்தார்கள். அலமாரிக் கிழங்குகள் இலையோடு நின்றன. குளிரில் இருந்தவற்றில் ஒன்று அழுகியது, இரண்டு பூத்தன. தண்டு குட்டைதான். நம் வெயிலில் மூன்று நாள்தான் நின்றன. அந்த மூன்று நாளும் பள்ளி முழுவதும் வந்து பார்த்தது.

துலிப் கிடைக்காத பள்ளிகளும் இப்பாடத்தை நடத்தலாம். ஒரு வெங்காயத்தை நெடுக்காக வெட்டுங்கள். அடியில் தட்டுப் போன்ற தண்டு, சுற்றிலும் உணவு சேர்த்த செதில் இலைகள், நடுவில் மொட்டு என மூன்றையும் மாணவர்கள் காண்பார்கள். பிறகு தம் ஊரில் எதற்கு எந்தப் பட்டம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது எல்லோருக்கும் தெரியும். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கையும் ஆனி, ஆடியில்தான் நடுகிறார்கள். கார்த்திகையில் பூப்பதால் அதற்குக் கார்த்திகைப்பூ என்றே பெயர். ஆனால் அதன் கிழங்கு கொடிய நஞ்சு. மாணவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு பிள்ளை நம்மிடம் வந்து "நான் சரியா செய்யலையா?" என்று கேட்கும்போது, பதில் சொல்வதற்கு முன் நாம் சொன்னது சரிதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம். நான் பார்க்கவில்லை. அதனால் ஒரு குழந்தை, தான் செய்யாத தவறைப் பல நாள் சுமந்தாள்.