முள் தெரியாத மீட்டர்

காரில் வேகம் காட்டும் மீட்டருக்கு மேல் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறதல்லவா? காய்ந்த துணியால் தூசியைத் துடைத்துத் துடைத்தே அதைக் கீறிவிடுகிறோம். எதிர்வெயில் பட்டால் முள்ளே தெரியாது.

சுவிட்சர்லாந்தில், பீல் நகரத்து ஒமேகா நிறுவனத்தின் கடிகாரம் ஒன்றுக்கும் இதே பாடுதான். கார்ப் பந்தயத்தை மனதில் வைத்து 1957இல் வந்த ஸ்பீட்மாஸ்டர், 1969இல் விண்வெளி வீரர் ஆல்ட்ரின் கையில் நிலவுக்கே போனது. அதன் முகப்பை மூடியிருந்தது கண்ணாடி அல்ல. ஹெசலைட் என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக். விண்கலத்துக்குள் கண்ணாடி நொறுங்கினால் சில்லுகள் மிதந்து கண்ணைப் பதம் பார்க்கும். அக்ரிலிக் அப்படிச் சிதறாது, ஆனால் சட்டென்று கீறும்.

அந்தக் கீறலைப் போக்கவும் முடியும் என்பதால் எனக்கு அக்ரிலிக் மிகவும் பிடிக்கும். கீறலின் ஓரங்களில் ஒளி சிதறுவதால்தான் வெள்ளைக் கோடு தெரிகிறது. பிளாஸ்டிக் பாலிஷைப் பட்டாணி அளவு மிருதுவான துணியில் எடுத்து, அழுத்தாமல் தேய்த்தால் ஓரங்கள் மழுங்கி, கோடு மறைந்துவிடும். மெல்லிய கீறலுக்கு வெள்ளைப் பற்பசையே போதும்.

கார் மூடிக்கும் இதுதான் வைத்தியம். முதலில் ஈரத்துணியால் தூசியை ஒற்றி எடுங்கள். பிறகு பாலிஷை ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறல் என்றால் 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்த பிறகே பாலிஷ். பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் எதுவும் கிட்டே வரக்கூடாது. மயிரிழை வெடிப்பு விட்டுவிடும். கண் கூசாமலிருக்க மங்கல் பூச்சு கொடுத்த மூடியாக இருந்தால் தேய்க்கவே வேண்டாம், பூச்சு போய்விடும்.