பைக்காரா நீரும் வீட்டு விளக்கும்



மகாவீரர் வீடுபேறு எய்திய விடியலைத் தீப ஒளியால் போற்றுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஒளியைப் போற்றும் இல்லங்களில், அவ்வொளி எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதும் தக்கதே. வந்தவாசியிலும் காஞ்சியிலும் எரியும் மின்விளக்குகளின் வேர்களுள் ஒன்று நீலகிரி மலையில் இருக்கிறது.

உதகையை அடுத்துப் பாயும் பைக்காரா ஆற்றின் நீரைக் குழாய்களில் ஏறத்தாழ 3,000 அடி கீழே இறக்கி, மலையடிவாரத்துச் சிங்காராவில் மின்சாரம் எடுக்கும் பணி 1932ஆம் ஆண்டில் தொடங்கியது. கோவை ஆலைகளின் வளர்ச்சிக்கு அம்மின்சாரம் பெருந்துணை புரிந்தது. பின்னர் மாயாறு மின்நிலையமும், கனடா நாட்டின் உதவியுடன் குந்தா மின்திட்டமும் எழுந்தன. குந்தாவில் ஒரே நீர் படிப்படியாக இறங்கிப் பல மின்நிலையங்களை இயக்கி, பில்லூர் அணை வழியே பவானி ஆற்றில் செல்கிறது.

இனி ஒரு சிறு கணக்கு. 60 வாட் குண்டு பல்பு நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் 300 வாட் மணி செலவாகும். ஏறத்தாழ அதே ஒளியைத் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு 45 வாட் மணி போதும். நான்கு பல்புகளை மாற்றிய இல்லத்தில் நாள்தோறும் ஒரு யூனிட் மிஞ்சும். பைக்காரா போன்ற உயரத்திலிருந்து விழும் நீரைக் கொண்டு அந்த ஒரு யூனிட்டை ஆக்குவதற்கு, இழப்புகளையும் சேர்த்து, ஏறத்தாழ 500 லிட்டர் நீர் இறங்க வேண்டும். நான்கு பல்புகளின் பின்னே நாள்தோறும் இத்தனை குடம் நீர் மறைந்து நிற்கிறது.

அந்நீர் அழிந்துவிடுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் ஒருமுறை இறங்கிய நீர் தானே மலையேறாது. கோடையில் அணையில் தங்கும் நீருக்கு மதிப்பு மிகுதி. தமிழகத்தின் மின்சாரம் முழுவதும் நீரால் வருவதும் அன்று. பெரும்பகுதி நிலக்கரியை எரித்தே கிடைக்கிறது. ஆகவே மிஞ்சும் யூனிட் ஓரிடத்தில் நீரையும், மற்றோரிடத்தில் நெருப்பையும் புகையையும் குறைக்கிறது.

குண்டு பல்பு உண்ணும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஒளியாவதில்லை, எஞ்சியது வெப்பமாகிறது. "குன்னூர்க் குளிருக்கு அவ்வெப்பம் நல்லதுதானே?" என்று கேட்போர் உண்டு. விட்டத்தில் தொங்கும் பல்பின் வெப்பம் எல்லாத் திசைகளிலும் சிதறிப்போகும். கீழே அமர்ந்திருப்பவருக்குக் கம்பளியே துணை.

இந்த மாற்றத்தால் எளிய குடும்பங்களுக்கும் நன்மை உண்டு. தமிழகத்தில் 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. நான்கு பல்புகளால் இரு மாதங்களில் மிஞ்சுவது ஏறத்தாழ 60 யூனிட். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இரண்டு பல்புகளை மட்டும் மாற்றினாலும் 30 யூனிட் குறையும். 2015இல் தொடங்கப்பட்ட உஜாலா திட்டம் எல்.இ.டி. பல்புகளைக் குறைந்த விலையில் வழங்கியது.

வாங்கும்போது வாட்டை மட்டும் பாராமல், ஒளியின் அளவாகிய லூமென் எண்ணையும் காண்க. காற்றோட்டமற்ற மூடிய கூண்டுக்குள் மாட்டினால் பல்பின் ஆயுள் குறையும். பழைய சி.எஃப்.எல். விளக்குகளில் சிறிதளவு பாதரசம் உண்டு. அவற்றை உடைக்காமல், குப்பையில் கலக்காமல், மின்கழிவு பெறுவோரிடம் ஒப்படைக்க வேண்டும். வாசல் விளக்குக்கு மஞ்சள் சாயல் கொண்ட எல்.இ.டி.யே ஏற்றது. பூச்சிகளை மிகுதியாக ஈர்ப்பவை புறஊதாக் கதிரும் நீல ஒளியும். மஞ்சள் சாயல் விளக்கில் முன்னது இல்லையென்றே சொல்லலாம், பின்னது குறைவு. மழைக்கால மாலைகளில் விளக்கடியில் மடியும் சிற்றுயிர்களைக் கண்டவர்கள் இதன் அருமையை உணர்வர்.

ஆனால் செலவு குறைவு என்பதற்காக ஒரு விளக்கு இருந்த இடத்தில் ஐந்து விளக்குகளை எரிய விட்டால் பெற்ற பயனில் பெரும்பகுதி கரைந்துவிடும். இல்லறத்தார்க்குச் சொல்லப்பட்ட குணவிரதங்களுள் அனர்த்ததண்ட விரதம் ஒன்று. பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், நெருப்பை மூட்டுதல் முதலியவற்றை அது விலக்குகிறது. மின்விளக்கு தோன்றாத காலத்து அறம் அது. ஆயினும் ஆளில்லா அறையில் எரியும் விளக்குக்கு அது முற்றும் பொருந்தும். அங்கே நீரும் நெருப்பும் ஒருங்கே வீணாகின்றன.

பல்பை மாற்றுவது ஒரு நாள் வேலை. அறையை விட்டு நீங்கும்போது சுவிட்சை அணைப்பது நாள்தோறும் காக்க வேண்டிய ஒழுக்கம். இரண்டும் சேர்ந்த இல்லத்தில் ஒளி குறைவதில்லை. தீங்கு மட்டுமே குறைகிறது. இவ்விழா முடிந்து இல்லம் திரும்பும் ஒவ்வொரு குடும்பமும் இன்றிரவே தம் வீட்டு விளக்குகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.