முதல் வகை நீரிழிவும் நம் வளரும் பிள்ளைகளும்

(ஜூபிலி ஆண்டுப் பெற்றோர் கூட்டத்தில் பங்குக் குருவானவர் ஆற்றிய உரை)



சர்க்கரை வியாதி என்றவுடன் நமக்கு ஐம்பதைத் தாண்டியவர்களே நினைவுக்கு வருகிறார்கள். இன்று நாம் பேச வந்தது, பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கும் வருகிற முதல் வகை நீரிழிவைப் பற்றி. இது இனிப்புத் தின்றதால் வந்ததன்று. தாய் தந்தையர் செய்த பாவத்தால் வந்ததுமன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுகிறது. ஆதலால் வாழ்நாள் முழுவதும் இன்சுலினை வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும்.

1922 ஜனவரியில் கனடா நாட்டு டொரோண்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் ஊசி போட்டார்கள். முதல் ஊசி போதிய பலன் தரவில்லை. 12 நாள் கழித்துத் தூய்மைப்படுத்திய மருந்து பலித்தது. சாகக்கிடந்த பிள்ளை, அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். ஆகவே, "ஊசியை நிறுத்திவிட்டுக் கஷாயம் கொடுங்கள்" என்று எவர் சொன்னாலும் கேளாதீர்கள். ஜெபக்கூட்டத்தில் சொன்னாலும் கேளாதீர்கள். இன்சுலின் நின்றால் வாந்தியும் வயிற்று வலியும் மூச்சு வாங்கலும் கண்டு, விரைவிலேயே உயிருக்கு ஆபத்தாகும்.

எட்டு வயதில் தாய் ஊசி போட்டாள். பதினான்கு வயதில், "நானே போட்டுக்கொள்வேன், கேட்காதீர்கள்" என்கிறான் பிள்ளை. சண்டை இங்கேதான் தொடங்குகிறது. அந்த வயதில் வளர்ச்சிக்கான சுரப்புகள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. ஒரு தவறும் செய்யாமலே சர்க்கரை 250, 300 என்று ஏறக்கூடும். அப்போது நம் முதற்கேள்வி "என்னத்தைத் தின்றாய்?" என்பதானால், மறுநாள் முதல் நோட்டில் பொய்க்கணக்கு ஏறும். பொய்க்கணக்கை நம்பி மருத்துவர் மருந்தளவு சொன்னால் என்ன ஆகும்? பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவனைக்கூட நாம் அப்படி அதட்டுவதில்லை. அந்த எண் பரீட்சை மார்க்கு அன்று. அடுத்து என்ன செய்யலாம் என்று காட்டுவது, அவ்வளவே.

அதற்காக எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கவும் கூடாது. ஊசியை அவன் போடட்டும். நாம் பக்கத்தில் இருப்போம்.

பெண்பிள்ளையானால், "கலியாணத்துக்குத் தடையாகும், வெளியே சொல்லாதே" என்கிறோம். மறைத்து வளர்த்த மகள் வகுப்பில் சோர்ந்து விழுந்தால் ஆசிரியை என்ன செய்வார்? அவருக்கும் நெருங்கிய தோழிக்குமாவது சொல்லிவையுங்கள். உதறல், வியர்வை, பேச்சுத் தடுமாற்றம் கண்டால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கியிருக்கக்கூடும். உடனே 15 கிராம் குளுக்கோஸ், சுமார் மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சோதிக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

"சாமி, பூசை நடுவில் மிட்டாய் தின்றுவிட்டான், நன்மை வாங்கலாமா?" என்று ஒரு தாய் கேட்டார். தாராளமாக வாங்கலாம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 919ஆம் சட்டப்படி, நோயுற்றோரையும் அவர்களைக் கவனிப்போரையும் அந்த 1 மணி நேர உபவாசம் கட்டுப்படுத்தாது. பக்கத்தில் இருப்பவர்கள் முறைத்துப் பார்க்காதிருந்தால் போதும்.

ஜூபிலி அசனத்தன்றும் இப்பிள்ளைகளைத் தனியே உட்கார்த்திவைக்க வேண்டாம். சோற்றின் அளவைக் கணக்கிட்டு ஊசி போட அவர்கள் கற்றிருக்கிறார்கள். பந்தி எத்தனை மணிக்கு என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உபதேசியாரிடம் குளுக்கோஸ் பொட்டலங்கள் கொடுத்துவைத்திருக்கிறோம். அவை இருக்கும் இடம் பீடச் சிறுவர்களுக்கும் தெரியும்.