எட்டரை மணிக்குச் சாவி எங்கே?

தறியை நிறுத்திவிட்டு வந்து தெருவில் உட்கார்ந்திருக்கிற என் சொந்தங்களே!

கூலி உயர்வைப் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பேசுவேன், அடுத்த கூட்டத்தில் பேசுவேன். இன்றைக்கு என்னால் முடியாது. வியாழக்கிழமை ராத்திரி பார்த்தது நெஞ்சை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

வியாழக்கிழமை கிருத்திகை. ஒரு கோயில் வாசல். பேர் சொல்ல மாட்டேன். தார் சுற்றிப் பிழைக்கிற ஒரு அம்மா, எழுபது வயதிருக்கும், சின்னப் புட்டியில் எண்ணெயோடு நிற்கிறார். கம்பிக் கதவு பூட்டியிருக்கிறது. கதவில் ஒரு காகிதம். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, என்னிடம் கேட்டார், நான் படித்தேன். பக்தர்கள் வருகை குறைந்துவிட்டபடியால் இனி மாலை நடை செவ்வாய், வெள்ளி மட்டும். நேரம் ஐந்து முதல் ஆறரை வரை. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே படியிலேயே அகல் வைத்து ஏற்றினார். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினார். மறுபடி அணைந்தது. மூன்றாம் தரம் தீக்குச்சி தீர்ந்துபோயிற்று.

வருகை குறைந்துவிட்டது என்று எழுதினவர் யார்? எத்தனை மணிக்கு வந்து எண்ணினார்? ஐந்து மணிக்கு எண்ணினாரா? ஐந்து மணிக்கு இந்த ஊரில் யார் ஐயா வீட்டில் இருக்கிறார்கள்? ஆண் தறியில். பெண் தறியில். பிள்ளை கம்பெனி பஸ்ஸில் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போனவன் ராத்திரிதான் இறங்குவான். அவன் இறங்குகிற நேரத்தில் நீ பூட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறாய். அப்புறம் அவன் வரவில்லை என்கிறாய்!

போன மாதம் ஒருவர் வந்து இதே ஊரில் பேசினார். அமெரிக்காவைப் பாருங்கள், சர்ச்சுகள் காலியாகின்றன, நம் ஊருக்கும் அந்த நோய் வந்துவிட்டது என்றார். செல்போனைப் பிடித்தான், சாமியை விட்டான் - இவ்வளவுதான் அவர் கண்டுபிடித்தது. அதற்கு ஒன்றரை மணி நேரம்! இளைஞர்கள் திருத்தணி மலைப்படி ஏறுவதே இல்லை என்று கண்ணீர் விட்டார். அவர் மலைக்குக் காரில் போய், மேலே இறங்கி, சீட்டு வாங்கித் தனி வரிசையில் நுழைகிறவர் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முந்நூற்று அறுபத்தைந்து படியில் ஒன்றுக்குக்கூட அவர் கால் தெரியாது.

சரி, அமெரிக்கா என்றாரே, அமெரிக்காவுக்கே போவோம். அவர் பாதிதான் படித்திருக்கிறார். கேலப் என்கிற நிறுவனம் பல வருஷமாகக் கேட்டு எழுதுகிறது. இருபது வருஷத்துக்கு முன் நூற்றுக்கு 42 பேர் வாரா வாரம், அல்லது ஏறக்குறைய வாரா வாரம், வழிபாட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள். இப்போது 30 பேர். ஏதாவது ஒரு சபையில் உறுப்பினராக இருந்தவர்கள் 1999இல் நூற்றுக்கு 70, 2020இல் 47. குறைந்தது உண்மை. நான் மறைக்கவில்லை.

ஏன் குறையும்? அதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. அங்கே பல மாநிலங்களில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக் கூடாது என்று பழைய சட்டம் இருந்தது. ஒவ்வொரு மாநிலமாக அதை எடுத்தார்கள். கடை திறந்தது. வேலைக்குக் கூப்பிட்டார்கள், வியாபாரத்துக்குக் கூப்பிட்டார்கள். ஜொனாதன் குரூபர், டேனியல் ஹங்கர்மேன் என்று இரண்டு பொருளாதாரக்காரர்கள் 2008இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: எந்த மாநிலத்தில் சட்டம் போயிற்றோ அங்கே சர்ச்சுக்குப் போகிற கூட்டமும் காணிக்கையும் குறைந்தன. அந்த ஜனங்களுக்கு ஒரே நாளில் பக்தி வற்றிவிட்டதா? அவர்கள் கையில் இருந்த ஒரு காலை நேரம் போயிற்று ஐயா, நேரம் போயிற்று!

நேரம் எப்படிப் போகும் என்று இந்தப் பொதட்டூர்பேட்டைத் தறிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். என் அப்பா குழித்தறியில் உட்கார்ந்தவர். கோயில் மணி கேட்டால் மிதியிலிருந்து காலை எடுப்பார், நாடாவைப் பாவின் மேல் வைப்பார், தறி நின்றுவிடும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய், கும்பிட்டுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து ஓட்டுவார். தறி அவர் சொன்னபடி கேட்டது. விசைத்தறி கேட்குமா? ஒரு ஆள் நாலு தறி பார்க்கிறான். இந்தத் தறியில் இழை அறுந்தால் அந்தத் தறியில் தார் தீர்ந்திருக்கும். ஐந்து நிமிஷம் நகர்ந்தால் துணி பழுது, கூலியில் பிடித்தம். அந்தச் சத்தத்தில் கோயில் மணி கேட்கவே கேட்காது. தறி மாறியது, கூலிமுறை மாறியது, ஊரே மாறியது. நடை திறக்கிற நேரம் மட்டும் என் அப்பா காலத்தில் இருந்ததை விடவும் சுருங்கிப்போயிற்று. பிறகு பூட்டு. எதற்கெடுத்தாலும் பூட்டு!

அதே அமெரிக்காவில் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? நியூயார்க்கில் ஃபிளஷிங் என்ற இடத்தில் 1977இல் பிள்ளையாருக்குக் குடமுழுக்குச் செய்தார்கள். அழகப்பா அழகப்பன் என்ற நம் தமிழர் முன்நின்று எழுப்பிய கோயில். இப்படி அந்த நாடெங்கும் எழுந்த கோயில்களில், வேலைநாளில் விழா வந்தால் சனி, ஞாயிறுக்குத் தள்ளிக் கொண்டாடுகிறார்கள். ஏன்? ஜனங்களுக்கு அன்றுதான் ஓய்வு. கடல் தாண்டிப் போன பிள்ளையாரே ஜனங்களுக்காக நாளை மாற்றிக்கொள்கிறார். இங்கே ஒரு நிர்வாகம் இரண்டு மணி நேரம் பூட்டைத் தள்ளிப் போட மாட்டாதா?

இன்னொரு பக்கத்து நண்பர்கள் இருக்கிறார்கள். கோயில் காலி, ஜனங்கள் தெளிந்துவிட்டார்கள், நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி ரோட்டில் காவடிக்கு நடுவில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்து அதைச் சொல்லட்டும்!

அங்கே கூட்டம் எப்படி வந்தது என்று யோசியுங்கள். டிசம்பர் 31 ராத்திரி ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து பாடிக்கொண்டு ஏறுகிறோமே, அதைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சுவாமிகள். வெள்ளைக்காரன் காலம். புது வருஷத்தன்று மாலையும் எலுமிச்சம்பழமுமாகத் துரைமார் வீட்டு வாசலில் ஜனங்கள் போய் நிற்பதைப் பார்த்தார். திட்டவில்லை. ஜனங்கள் கெட்டுவிட்டார்கள் என்று வாசலில் எழுதி ஒட்டவில்லை. தணிகைமலைத் துரையிடம் வாருங்கள் என்று கூப்பிட்டார். ராத்திரியில் கூப்பிட்டார்! நூறு வருஷம் தாண்டியும் கூட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த மலைக்காக மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் போராடி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திராவிலிருந்து நம்மோடு சேர்ந்தது. மலையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள் பெரியவர்கள். தெருவில் இருக்கிற ஒரு கம்பிக் கதவைத் திறந்து வைக்க நமக்குத் துப்பு இல்லை.

பணம் இல்லை என்பார்கள். எனக்குத் தெரியும், சின்னக் கோயிலில் வருமானம் இல்லை. அரசாங்கத்துக் கணக்கே சொல்கிறது: 2021இல் ஒருகால பூஜைத் திட்டத்தில் 12,959 கோயில்கள். ஒரு வேளை விளக்கேற்றவும் வழியில்லாத கோயில்கள் அத்தனை! ஒவ்வொன்றுக்கும் இருந்த ஒரு லட்ச ரூபாய் வைப்பு நிதியை இரண்டு லட்சமாக்கி அதன் வட்டியில் எண்ணெயும் திரியும் வாங்கச் சொன்னார்கள். பூசாரிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை என்றார்கள். ஆயிரம் ரூபாயில் ஒரு குடும்பம் எத்தனை நாள் சாப்பிடும்? பூசாரி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் நம்மைப் போல் கூலிக்காரர். பெரிய கோயிலில் 300 ரூபாய்ச் சீட்டு வாங்க இங்கிருந்து நகரி வழியாகத் திருப்பதிக்கு வண்டி கட்டுகிறவர்களே, அதில் ஒரு சீட்டுக் காசைத் தெருக்கோடிச் சாமியின் எண்ணெய்க்குக் கொடுங்கள் என்று கை நீட்டிக் கேட்கிறேன்.

ஆனால் பூட்டு என்பது பணக் கஷ்டத்தில் மட்டும் வருவதில்லை. அதை நான் சொல்லாமல் இறங்கினால் என் நாக்கு அழுகிப்போகும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி. திரௌபதி அம்மன் கோயில். பட்டியல் சமூகத்து மக்கள் உள்ளே வரக் கூடாது என்று அடித்து, அந்தத் தகராறில் 2023 ஜூன் மாதம் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். 1939இல் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார். எண்பத்து நாலு வருஷம் கழித்து மேல்பாதியில் சீல்! பாதி ஊரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே ஆள் இல்லை என்று சொல்ல வெட்கமாக இல்லையா? வர ஆசைப்பட்டவனை அடித்துத் துரத்திவிட்டு எண்ணிக்கை எடுக்கிறாயா?

எண்ணிக்கை என்றதும் ஒன்று. 1993இல் அமெரிக்காவில் ஹாடவே என்பவரும் அவரோடு இரண்டு பேரும் ஓஹையோ மாநிலத்தில் ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். நான் சர்ச்சுக்குப் போனேன் என்று சொன்னவர்கள் எத்தனை பேர், அங்கே உண்மையில் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று சர்ச்சு சர்ச்சாகக் கணக்கு எடுத்துச் சரிபார்த்தார்கள். சொன்னதில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் இருந்தார்கள். நம் ஊரில் நேர்மாறு. போகாதவன் போனேன் என்று சொல்வது அங்கே. வந்தவள் வரவில்லை என்று எழுதி ஒட்டுவது இங்கே! அந்த அம்மா வியாழக்கிழமை வந்தார். நான் சாட்சி. எந்தப் புத்தகத்தில் அவர் பேர் ஏறியது?

நான் நிர்வாகத்துக்காரர்களோடு சண்டை போட வரவில்லை. அவர்களும் நம் தெருக்காரர்கள், நம் மாமன் மச்சான். வருகிற புதன்கிழமை, செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை, ராத்திரி எட்டரை மணிக்கு அந்த வாசலில் நிற்போம். எட்டு மணிக்குத் தறியை நிறுத்துங்கள். நிறுத்த விடாத முதலாளி இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நானே வந்து கேட்கிறேன். கம்பெனிப் பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அங்கே வாருங்கள், சாப்பாட்டுத் தூக்கு கையில் இருந்தால் பரவாயில்லை. எந்தத் தெருவிலிருந்தும் வாருங்கள், எல்லாத் தெருவிலிருந்தும் வாருங்கள். கோஷம் வேண்டாம், கொடி வேண்டாம். ஆளுக்கு ஓர் அகல், கொஞ்சம் எண்ணெய்.

அந்த அம்மா இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அம்மா, புதன்கிழமை நீங்கள் முன்னால் நில்லுங்கள், தீப்பெட்டி நான் கொண்டுவருகிறேன். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் எட்டரைக்கு அங்கே வந்து சேரட்டும்.