காதால் கேட்ட வழி

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் இரத்மலானைக்குச் செல்லும் மோட்டார் சைக்கிள் இளைஞர் பலருக்கு, கைபிடியில் பொருத்திய கைத்தொலைபேசியே வழிகாட்டி.

வழிகாட்டுதல் நமக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம், வழியோடு வழுக்கும் பாறையையும் பன்றிக்கு வைத்த பொறியையும் சொல்லி எச்சரிக்கிறது. தொலைபேசியின் வரைபடமோ, முன்னே திடீரென நிற்கும் பஸ்ஸைக் காட்டாது. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடி திரையைப் பார்ப்பவர், 10 மீற்றர் தூரத்தை வீதியைக் காணாமலே கடக்கிறார்.

கூத்தன் வழியைக் காதால் கேட்டான். கண் பாதைக்கே உரியதாயிருந்தது. தம்பிமாரே, நீங்களும் குரலைக் கேளுங்கள். திரையைப் பார்ப்பதானால், ஓரமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். பிந்தினாலும் பரவாயில்லை; வீட்டில் காத்திருப்பவர்களுக்கு நீங்கள் வந்து சேர்ந்தாற் போதும்.